தெங்குமரஹாடா: ஒரு குத்தகையின் மேல் நிற்கும் ஊர்

நீலகிரி மாவட்டத்தில் தெங்குமரஹாடா என்று ஒரு ஊர் இருக்கிறது. தெங்குமரகடா என்றும் எழுதுவார்கள். செய்திகளில் இந்த ஊர் இரண்டு விதமாகத்தான் தலைகாட்டும். மழைக்காலத்தில் "மாயாற்றில் வெள்ளம், பரிசலில் ஆபத்தான பயணம்" என்று படத்தோடு ஒரு செய்தி வரும். மற்ற நாட்களில் "புலிகள் காப்பகத்துக்காக ஊரையே இடமாற்ற சுமார் 74 கோடி ரூபாய்" என்று நீதிமன்றச் செய்தி வரும்.

இரண்டையும் படிப்பவர்களுக்கு எழும் கேள்விகள் நியாயமானவை. இத்தனை வருடமாக ஒரு பாலம் கட்ட முடியாதா? நீலகிரி ஊருக்கு ஏன் ஈரோடு மாவட்டம் வழியாகப் பேருந்து போகிறது? சொந்த ஊரில், சொந்த வயலில் இருப்பவர்களைக் குடும்பத்துக்கு 15 லட்சம் கொடுத்து எப்படி எழுப்ப முடியும்?

மூன்று கேள்விக்கும் வேர் ஒன்றுதான். அந்த ஊர் 1948-ல் காட்டுக்குள் ஒரு குத்தகையாகத் தொடங்கியது. அதிலிருந்து படிப்படியாகப் பார்ப்போம்.

ஊர் எங்கே இருக்கிறது

கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்குப் போயிருப்பவர்கள் இந்த ஊரைத் தெரியாமலே பார்த்திருப்பார்கள். மலை விளிம்பில் நின்று கீழே பார்த்தால், ஆயிரம் மீட்டருக்கும் மேலான இறக்கத்தில் வறண்ட காடு விரிந்திருக்கும். அதன் நடுவே மாயாறு வளைந்து வளைந்து ஓடும். அந்தப் பழுப்புக் காட்டுக்குள் ஒட்டுப் போட்டது போல ஒரு பச்சைத் துண்டு தெரியும். அதுதான் தெங்குமரஹாடாவின் வயல்.

நிர்வாகக் கணக்கில் ஊர் கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்தது, தனி ஊராட்சி. தாலுகா அலுவலகம் கண்ணுக்கு எதிரே மலைமேல் இருக்கிறது. ஆனால் நேராக ஏற வண்டிப்பாதை கிடையாது. ஒரு சான்றிதழ் வாங்கப் போகிறவர் பயணம் இப்படி இருக்கும்:

1. வீட்டிலிருந்து மாயாற்றங்கரைக்கு வந்து, பரிசலில் வடகரைக்குப் போக வேண்டும்.
2. அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் காட்டுச் சாலையில், காராச்சிக்கொரை சோதனைச்சாவடியைத் தாண்டி பவானிசாகர் வர வேண்டும். இது ஈரோடு மாவட்டம்.
3. பவானிசாகரிலிருந்து மேட்டுப்பாளையம். இது கோவை மாவட்டம்.
4. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் கோத்தகிரி. மறுபடி நீலகிரி மாவட்டம்.

சொந்தத் தாலுகாவைத் தொட மூன்று மாவட்டம் கடக்க வேண்டியிருக்கிறது. ரேஷன் பொருள் வருவதும், ஆசிரியர் வருவதும், விளைந்த வாழைத்தார் சந்தைக்குப் போவதும் இதே காட்டுச் சாலை, இதே பரிசல்துறைதான். பேருந்து வடகரையோடு நின்றுவிடும்.

மாயாறு சாதாரண ஆறும் இல்லை. நீலகிரியின் உச்சிப் பகுதியில் பைக்காராவாகப் பிறந்து, முதுமலைக் காட்டைக் கடந்து, ஆழமான பள்ளத்தாக்கில் இறங்கி, கிழக்கே ஓடி பவானிசாகர் அணையில் சேர்கிறது. அதன் மேல்பகுதியில் அணைகளும் நீர்மின் நிலையங்களும் இருக்கின்றன. ஆகவே ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும், மேலே மலையில் பெய்த மழையாலோ மின்நிலையத்திலிருந்து விடும் நீராலோ ஆறு திடீரென்று ஏறிவிடும். காலையில் ஜீப் இறங்கிக் கடந்த இடத்தில் மாலையில் பரிசல்கூடப் போடமுடியாது. பரிசல் நின்றுவிட்டால் ஊருக்கும் வெளியுலகுக்கும் தொடர்பு அறுந்தது என்று அர்த்தம்.

1948: பசிக்காகத் திறந்த காடு

யாரோ காட்டை அழித்துத் திருட்டுத்தனமாகக் குடியேறியதில் பிறந்த ஊர் இது என்று நினைத்தால் அது தவறு. இங்கே விவசாயம் தொடங்கியது அரசாங்கத்தின் அழைப்பால்.

இரண்டாம் உலகப் போரின்போது 1942-ல் பர்மா ஜப்பான் வசம் போனது. பர்மா அரிசியை நம்பியிருந்த இந்தியாவுக்கு அது பெரிய அடி. அரிசிக்குப் பங்கீடு வந்தது. "அதிக உணவு விளைவிப்போம்" என்ற இயக்கத்தை அரசு தொடங்கியது. தரிசு, புறம்போக்கு, காடு என்று எங்கெல்லாம் தண்ணீரும் மண்ணும் இருந்ததோ அங்கெல்லாம் நெல் போட முடியுமா என்று பார்த்தார்கள். சுதந்திரத்துக்குப் பின்னும் அது தொடர்ந்தது.

அப்போது கண்ணில் பட்ட இடங்களில் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கு. கோத்தகிரிப் பக்கத்து மலையிலிருந்து இறங்கி மாயாற்றில் சேரும் குக்கல்துறை ஓடை இருக்கிறது. அதைத் திருப்பி வாய்க்காலில் விட்டால் மோட்டார் இல்லாமலே வயலுக்குத் தண்ணீர் பாயும். 1948-ல் ஒரு கூட்டுறவு விவசாயச் சங்கம் அமைந்தது. காப்புக்காட்டின் ஒரு பகுதி அந்தச் சங்கத்துக்குக் குத்தகைக்குக் கிடைத்தது. முதலில் 100 ஏக்கர், பிறகு சுமார் 500 ஏக்கர். மலையிலிருந்து படுகர்கள் இறங்கி வந்தார்கள். சமவெளியிலிருந்து பட்டியல் சாதியினரும் மற்றவர்களும் வந்தார்கள். ஏற்கெனவே இந்தக் காட்டில் இருந்த இருளர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

நெல், வாழை, மஞ்சள், மிளகாய், ராகி என்று விளைந்தது. பள்ளி வந்தது, ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது, ஊராட்சி வந்தது. அரசாங்கமே ஒரு ஊருக்குச் செய்யும் எல்லாவற்றையும் செய்தது, நிலத்தை எழுதித் தருவதைத் தவிர.

அதே 1948-ல்தான் கீழே பவானிசாகர் அணைக் கட்டுமானமும் தொடங்கியது. 1955-ல் முடிந்தது. அணைத் தண்ணீரில் டணாயக்கன் கோட்டை மூழ்கியது. நீர்மட்டம் மிகவும் இறங்கும் ஆண்டுகளில் அந்தக் கோட்டைக் கோயிலின் கல் மண்டபங்கள் இன்றும் வெளியே தெரியும். ஒரே பள்ளத்தாக்கில், ஒரே காலத்தில், உணவுக்காகக் கீழே பழைய குடியிருப்பை மூழ்கடித்தார்கள், மேலே புதிய ஊரை உருவாக்கினார்கள்.

நான்கு சொற்கள்

இனி வருவது புரிய வேண்டுமானால் நான்கு சொற்களின் பொருள் தெளிவாக இருக்க வேண்டும்.

*காப்புக்காடு:* அரசு தன் உடைமையாக அறிவித்து எல்லை போட்ட காடு. இதற்குள் வெளிப்படையாக அனுமதிக்காத எதுவும் தடை என்று எடுத்துக்கொள்ளலாம்.

*குத்தகை நிலம்:* உழும் உரிமை உண்டு, உடைமை கிடையாது. தெங்குமரஹாடாவில் குத்தகைதாரர் தனி விவசாயிகூட இல்லை, சங்கம். சங்கத்தின் உறுப்பினர் என்ற முறையில்தான் ஒருவர் ஒரு துண்டில் பயிர் செய்கிறார். அதை விற்க முடியாது. பட்டா இல்லாததால் வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கவும் வழியில்லை.

*உள்மண்டலம்:* புலிகள் காப்பகத்தின் நடுப்பகுதி. மனிதக் குடியிருப்பு இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம்.

*வெளிமண்டலம்:* உள்மண்டலத்தைச் சுற்றியுள்ள பகுதி. இங்கே மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது.

கடைசி இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம். முதுமலைப் புலிகள் காப்பகத்தின் மொத்தப் பரப்பு சுமார் 688 சதுர கிலோமீட்டர். அதில் உள்மண்டலம் 321 சதுர கிலோமீட்டர்தான். தெங்குமரஹாடாவைச் சுற்றியுள்ள நீலகிரி கிழக்குச் சரிவுக் காடுகள் அந்தக் காப்பகத்தின் வெளிமண்டலக் கணக்கில் வருகின்றன. ஆற்றுக்கு வடக்கே இருப்பது 2013-ல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், சுமார் 1,408 சதுர கிலோமீட்டர். இரண்டு காப்பகங்களுக்கு இடையில், ஆற்றைத் தொட்டபடி ஊர் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மசினகுடிப் பக்கம் தங்கும் விடுதிகளை மூடச்சொல்லி 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சீகூர் யானை வழித்தட வழக்கு முற்றிலும் வேறு. அங்கே பிரச்சினை தனியார் பட்டா நிலமும் விடுதிகளும். இங்கே விடுதியும் இல்லை, பட்டாவும் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது இந்த ஊர்க்காரர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பாலம் ஏன் வரவில்லை

"ஓட்டு கேட்க மட்டும் வருகிறார்கள், பாலம் கட்டமாட்டேன் என்கிறார்கள்" என்ற கோபம் புரியக்கூடியது. ஆனால் தடை அரசியல்வாதியின் மனதில் மட்டும் இல்லை, சட்டத்திலும் இருக்கிறது.

1980-ல் வந்த வனப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பெரிய மாற்றம் செய்தது. காட்டு நிலத்தைக் காடு அல்லாத எந்தப் பயனுக்கும் மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது. அதற்குமுன் மாநில அரசே முடிவு செய்யலாம். அந்த 32 வருட இடைவெளியில் பாலம் வந்திருக்க வேண்டும். வராமல் போனது. 1980-க்குப் பிறகு பாலம் மட்டுமில்லை, குத்தகையை நீட்டிப்பதே டெல்லி சம்பந்தப்பட்ட விஷயமாகிவிட்டது. புலிகள் காப்பகம் ஆனதும் அதற்கு மேல் இன்னொரு அடுக்கு அனுமதி சேர்ந்தது.

2006-ன் வன உரிமைச் சட்டத்தில் ஒரு சிறிய கதவு இருக்கிறது. பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை போன்ற 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, கிராம சபை பரிந்துரைத்தால் எளிய முறையில் ஒதுக்கலாம். ஒரு சிறு நடைபாலத்துக்காவது இந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம் என்பது என் கருத்து. ஊர் இருக்கும்வரை உயிருக்குப் பாதுகாப்பான ஒரு வழி வேண்டும் என்பதில் வாதத்துக்கே இடமில்லை.

வனத்துறையின் அச்சத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்று ஆறுதான் கதவு. லாரி போகிற மாதிரி ஒரு பாலம் வந்தால் அந்தக் கதவு நிரந்தரமாகத் திறந்துவிடும். முதலில் வாழை லாரி, அப்புறம் சுற்றுலா வேன், அப்புறம் விடுதி என்று வளரும். மலையின் மறுபுறம் அப்படி நடந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் காட்டில் அப்படி என்ன இருக்கிறது

மேற்குத் தொடர்ச்சி மலை என்றதும் நமக்கு மழைக்காடும் அட்டையும் பனியும் நினைவுக்கு வரும். மாயாற்றுப் பள்ளத்தாக்கு அதற்கு நேர் எதிர். நீலகிரி மலை மழை மேகத்தை மறித்துவிடுவதால் இது மழை மறைவுப் பகுதி. ஆகவே இங்கே இருப்பது முள்புதர்க் காடும் வறண்ட இலையுதிர் காடும். கோடையில் பார்த்தால் காய்ந்த விறகுக் குவியல் போலத் தெரியும். பச்சை இருப்பது ஆற்றை ஒட்டி மட்டும்தான். உயரமான நீர்மருது மரங்கள் இரு கரையிலும் வரிசை கட்டி நிற்கும்.

அந்த நீர்மருதுகளில்தான் வெண்முதுகுப் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. ஒரு காலத்தில் இந்தியாவின் ஒவ்வொரு ஊர்ப் பொட்டலிலும் செத்த மாட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த பறவை இது. 1990-களில் தொடங்கி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்துவிட்டது. காரணம் வேட்டையோ காடழிப்போ இல்லை. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற மருந்து. அந்த மருந்து உடலில் இருக்கும்போது செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற இரண்டும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. தென்னிந்தியாவில் பாறுகள் இன்னும் நல்ல எண்ணிக்கையில் இனப்பெருக்கம் செய்யும் முக்கியமான இடம் முதுமலை, சத்தியமங்கலம் பகுதிகளைச் சேர்த்த இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கு. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என நான்கு வகையும் இங்கே பதிவாகியிருக்கின்றன.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது, கவனிக்க வேண்டியது. பாறுக்கு இறந்த விலங்கு வேண்டும். காட்டு விலங்கின் பிணமும் உதவும், மாட்டின் பிணமும் உதவும். ஆகவே ஊர் மாடு என்பது பாறுக்கு உணவாகவும் முடியும், விஷமாகவும் முடியும். எது என்பதை அந்த மாட்டுக்கு யார், என்ன ஊசி போட்டார்கள் என்பது தீர்மானிக்கிறது. புலி அடித்த மாட்டுக்கு இழப்பீடு தாமதமானால், கோபத்தில் யாராவது அதன் மேல் பூச்சிமருந்து தெளிக்கும் ஆபத்தும் உண்டு. அப்போது புலியும் சாகும், பாறும் சாகும். பாறுகளைக் காப்பாற்றக் கால்நடை மருத்துவரும் நேரத்தில் கிடைக்கும் இழப்பீடும் தேவைப்படுவது இதனால்தான்.

பாறோடு நிற்கவில்லை. திறந்த வெளிகளில் வெளிமான், ஆற்றில் முதலையும் நீர்நாயும், புதரில் கழுதைப்புலி. முதுமலை, பந்திப்பூர், சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலை என்று நடக்கும் யானைக் கூட்டங்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கு ஒரு நடைவழி. சத்தியமங்கலத்தில் புலிகளின் எண்ணிக்கை இரட்டிப்புக்கும் மேல் கூடியதற்காக 2022-ல் சர்வதேச விருதும் கிடைத்தது.

மறுபக்கமும் இருக்கிறது. சீமைக்கருவேலம் இந்தப் பள்ளத்தாக்கில் பரவி வெளிமானின் புல்வெளியை விழுங்குகிறது. அதன் காயை மாடு தின்று சாணத்தில் விதையைப் பரப்புகிறது. காட்டுக்குள் பட்டி போட்டு மாடு வளர்க்கும் பழக்கத்துக்கு இதில் பங்கு உண்டு. ஊரை எடுத்துவிட்டால் சீமைக்கருவேலம் தானாகப் போய்விடாது என்பதும் உண்மை. அதை வேரோடு பிடுங்க ஆள் வேண்டும், பல வருட உழைப்பு வேண்டும்.

இடமாற்றத் திட்டம் எப்படி வேலை செய்கிறது

சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கில், ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான குடும்பங்களுக்குத் தலா 15 லட்சம் வீதம், சுமார் 74 கோடி ரூபாயை தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் தரவேண்டும் என்ற உத்தரவு வந்தது. ஊரில் பலர் வெளியேற விருப்பம் தெரிவித்திருந்தார்கள் என்பதுதான் இதன் அடிப்படை. பரிசல், யானை, மருத்துவமனை தூரம், பிள்ளைகளின் படிப்பு என்று அலுத்துப்போனவர்கள் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை.

1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006-ல் சேர்ந்த திருத்தம், இடமாற்றம் நடக்க வேண்டிய முறையைச் சொல்கிறது. சுருக்கமாக:

1. பழங்குடிகள், மற்ற வனவாசிகளின் உரிமைகளை முதலில் தீர்மானித்து முடிக்க வேண்டும்.
2. மக்கள் அங்கே இருப்பதால் திரும்பச் சரிசெய்ய முடியாத பாதிப்பு ஏற்படும் என்று நிறுவ வேண்டும்.
3. சேர்ந்து வாழ வேறு வழியே இல்லை என்ற முடிவுக்கு வர வேண்டும்.
4. வாழ்வாதாரத்தோடு கூடிய மறுகுடியமர்வுத் திட்டம் தயாராக வேண்டும்.
5. விவரம் தெரிந்த நிலையில் கிராம சபையும் சம்பந்தப்பட்டவர்களும் சம்மதிக்க வேண்டும்.
6. புதிய இடத்தில் நிலமும் வசதிகளும் தயாரான பிறகே நகர்த்த வேண்டும்.

இந்த வரிசைதான் உயிர். ஒன்றாவது முடியாமல் ஐந்தாவதுக்குப் போனால், தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியாத ஒருவரிடம் அதை விட்டுத்தரச் சம்மதம் வாங்கியதாகிவிடும்.

பணத்தின் அளவு 2008-ல் குடும்பத்துக்கு 10 லட்சமாக இருந்தது, 2021-ல் 15 லட்சமாக உயர்ந்தது. குடும்பம் என்ற சொல்லுக்கு இங்கே விரிவான பொருள். 18 வயது கடந்த மகன் தனிக் குடும்பம். 18 கடந்த, மணமாகாத மகளும் அப்படியே. கைம்பெண், மணமுறிவு பெற்ற பெண், மாற்றுத்திறனாளி ஆகியோரும் தனிக் குடும்பங்கள். வீட்டுக் கணக்கையும் "குடும்ப"க் கணக்கையும் ஒப்பிட்டு, கூடுதலாகக் காட்டிவிட்டார்கள் என்று சிலர் சந்தேகப்படுவது இந்த வரையறை தெரியாததால்.

பணத்தை வாங்க இரண்டு வழி. ஒன்று, முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு தன் ஏற்பாட்டில் போவது. மற்றது, வனத்துறையே மறுகுடியமர்த்துவது. இரண்டாவது வழிக்குத் திட்டம் ஒரு பங்கீடு சொல்கிறது:

1. இரண்டு ஹெக்டேர் விளைநிலம் வாங்கிப் பண்படுத்த 35 விழுக்காடு.
2. இருந்த உரிமைகளை ஈடுசெய்ய 30 விழுக்காடு.
3. மனையும் வீடும் 20 விழுக்காடு.
4. சமுதாய வசதிகள் 10 விழுக்காடு.
5. ஊக்கத்தொகை 5 விழுக்காடு.

சரி, 15 லட்சத்துக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 35 விழுக்காடு என்றால் 5,25,000 ரூபாய். இரண்டு ஹெக்டேர் என்றால் ஏறத்தாழ ஐந்து ஏக்கர். ஏக்கருக்குச் சுமார் ஒரு லட்சம். சத்தியமங்கலம், புளியம்பட்டி, மேட்டுப்பாளையம் பக்கம் தண்ணீர் வசதியுள்ள விளைநிலத்தை அந்த விலைக்கு யாரும் தரமாட்டார்கள். வீட்டுக்கு 3 லட்சம், அதில் மனையும் அடக்கம். அரசு நிலமாகவே ஒதுக்காத வரை, இந்தக் கணக்கில் ஓடைத் தண்ணீர் பாயும் நெல்வயலுக்கு ஈடாக இன்னொரு வயல் வராது. ஓடைப் பாசனத்தில் வாழை போட்டவர் திருப்பூரிலோ மேட்டுப்பாளையத்திலோ கூலிக்குப் போவார் என்பதுதான் இந்த எண்களின் அர்த்தம். இந்த ஒரு கணக்கைச் செய்தி அறிக்கைகள் சொல்லாமல் விடுவது வருத்தம் தருகிறது.

ஊர் என்றால் யார்

"ஊர் சம்மதித்துவிட்டது" என்ற வாக்கியத்தை நான் நம்பத் தயங்குவேன். இந்தப் பகுதியில் குறைந்தது மூன்று விதமான மக்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் இடமாற்றம் என்பது வேறு வேறு பொருள்.

*சங்க உறுப்பினர்கள்.* குத்தகை வயலில் விளைவிப்பவர்கள். 2006-ன் வன உரிமைச் சட்டத்தின்படி, பழங்குடி அல்லாதவர் உரிமை கோர 2005 டிசம்பர் 13-க்கு முன் 75 ஆண்டுகள், அதாவது 1930-லிருந்தே, அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஊரோ 1948-ல் தொடங்கியது. பதினெட்டு ஆண்டு குறைகிறது. அதே சட்டத்தில், அரசு கொடுத்த பட்டாவையும் குத்தகையையும் உரிமை ஆவணமாக மாற்றலாம் என்ற பிரிவும் உண்டு. ஆனால் அதைக் கேட்பவரும் முதலில் பழங்குடியாகவோ மேலே சொன்ன 75 ஆண்டுத் தகுதி உள்ளவராகவோ இருக்க வேண்டும். அரசே கூப்பிட்டுக் குடியமர்த்தியவர்கள் சட்டத்தின் இரண்டு கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

*நிலமில்லாத கூலிக் குடும்பங்கள்.* அவர்களுக்கு வயலும் இல்லை. 15 லட்சம் அவர்களுக்குப் பெரிய தொகை. ஆர்வத்தோடு சம்மதிக்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது.

*இருளர்கள்.* தேன், நெல்லி, கடுக்காய், சீமாறுப் புல் என்று காட்டின் சிறு மகசூலும் கூலி வேலையும்தான் வாழ்க்கை. பழங்குடி என்பதால் 75 ஆண்டு நிபந்தனை இவர்களுக்குக் கிடையாது. 2005 டிசம்பர் 13-க்கு முன் இருந்தாலே போதும். சட்டத்தில் மிக வலுவான உரிமை இவர்களுடையது. பேச்சுவார்த்தையில் மிக மெல்லிய குரலும் இவர்களுடையதுதான்.

மூன்று பேரையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்து கை தூக்கச் சொன்னால் வருவது சம்மதமே இல்லை. குடும்பம் குடும்பமாக, அவரவர் உரிமையை அவரவர்க்குச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.

பணம் கைக்கு வந்த பிறகு என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. முதுமலை உள்மண்டலத்திலிருந்து பந்தலூர் வட்டத்தின் அய்யன்கொல்லிப் பக்கம் மாறியவர்களில், இடைத்தரகர்கள் தங்கள் பணத்தை ஏமாற்றிப் பறித்ததாகப் பழங்குடிக் குடும்பங்கள் புகார் சொன்னார்கள். காட்டுக்குள் வாழ்ந்தவருக்குப் பத்திரப் பதிவும் வில்லங்கச் சான்றும் என்ன தெரியும்? நிலம் வாங்கும்போது வருவாய்த்துறை ஆள் ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் படித்துப் பார்த்தால் இந்த ஏமாற்றில் பெரும்பகுதி நடக்காது. அதற்குத் தனிச்சட்டம் தேவையில்லை.

ஊர் போன பிறகு மிச்சமிருப்பவர்கள்

தெங்குமரஹாடா தனியாக இல்லை. கல்லாம்பாளையம், அல்லிமாயார் போன்ற சிறு குடியிருப்புகள் இந்தக் காட்டில் இருக்கின்றன. பெரும்பாலும் இருளர்கள். அவர்களுக்கு ரேஷன், மருந்து, பள்ளி, மளிகை எல்லாம் தெங்குமரஹாடாவை ஒட்டித்தான். பெரிய ஊர் இருப்பதால்தான் அங்கே சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய ஊரின் பயணிகளை நம்பித்தான் பேருந்து ஓடுகிறது.

ஐந்நூறு குடும்பங்கள் போய்விட்டால் அந்தப் பேருந்தை யாருக்காக ஓட்டுவார்கள்? செவிலியர் யாருக்காக ஆற்றைக் கடப்பார்? இடமாற்றப் பட்டியலில் பெயர் இல்லாத, காட்டை விட்டு வர விரும்பாத இருளர் குடும்பத்துக்கு, அடுத்த ரேஷன் கடை 25 கிலோமீட்டர் யானைக் காட்டுக்கு அப்பால் போய்விடும். யாரும் எதுவும் உத்தரவு போடாமலே அவர்களும் வெளியேற வேண்டிவரும், அதுவும் 15 லட்சம் இல்லாமல்.

ஆகவே தெங்குமரஹாடாவுக்கான திட்டம் எப்போது இறுதியானாலும், அதில் பார்க்க வேண்டிய முதல் பக்கம் தொகை எழுதிய பக்கம் இல்லை. வடகரையில் நிற்கும் அந்தப் பேருந்து தொடர்ந்து வருமா, சுகாதார நிலையம் எந்தக் குடியிருப்புக்கு மாறும், ரேஷன் அரிசி மாதத்தில் எந்த நாள் எந்தக் கரைக்கு வரும் என்று எழுதியிருக்கிற பக்கம். அப்படி ஒரு பக்கம் இருக்கிறதா என்று மாவட்ட நிர்வாகத்திடம் இப்போதே கேட்கலாம்.